மூச்சோடு அசைந்த இரும்பு

எங்கள் தோட்டத்தில் தொழிற்சாலை ஓடுகிற நாட்களில் காற்று முழுக்கத் தேயிலை வறுபடும் வாசனைதான். பிறந்ததிலிருந்தே அதற்குள் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. எனக்கு அது திடீரென்று தெரிந்தது ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில். தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மூக்குக்குள் தேயிலை கருகியது. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறியது. பிறகு எல்லாம் சரியாகிவிட்டது.

“இன்னைக்கி பெக்டரி ஓடுதா?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“போயாவுல எவன் ஓட்டுவான்?” என்றாள். நான் அடுத்த துணியை உதறினேன்.

இல்லாத வாசனை உங்கள் மூக்கில் வந்தால், அதுவும் ஒரே வாசனை திரும்பத் திரும்ப வந்தால், தயவுசெய்து டொக்டரிடம் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் சொல்லவில்லை. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். மூளையின் பாகங்களைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவள். என் மூளை வாசனை காட்டிக் கூப்பிட்டபோது மட்டும் எனக்குக் காது கேட்கவில்லை.

மூன்றாம் வருடம், எட்டாம் தரத்து வகுப்பில், பிள்ளைகள் முன்னால் விழுந்தேன். வலிப்பு. கண் விழித்தபோது கைக்குள் அலுமாரிச் சாவிக்கொத்து இருந்தது. இழுத்துக்கொண்டு கிடப்பவர் கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நின்றுவிடும் என்பது எங்கள் லயங்களில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பிள்ளைகள் அதைச் செய்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அடுத்த வாரமே அவர்களுடைய பெற்றோர் அதிபரைப் பார்க்க வந்தார்கள். அதன் பிறகு எனக்கு வகுப்பு இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு உறை போட்டேன்.

பத்து வருடம் போட்டேன். பேசியிருந்த கல்யாணமும் அந்த வருடமே நின்றது. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

வலிப்பில் வலி பெரிதில்லை. நாக்கு கடிபடும், தோள் இரண்டு நாள் கனக்கும், அவ்வளவுதான். என்னால் தாங்க முடியாமல் போனது நேரம். விழுந்த நிமிடத்திலிருந்து எழுந்த நிமிடம் வரை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்களுக்குத் தெரியும். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவர்களுடையது. எப்போது விழுந்தேன், எவ்வளவு நேரம் இழுத்தது, துணி விலகியதா என்று அவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிலர் சொல்வார்கள். சிலர் முகத்தை வேறு பக்கம் திருப்புவார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

என்னை யாரும் தனியாக விடவில்லை. அக்கா தன் வீட்டை விட்டுவிட்டு என்னோடு வந்து படுத்தாள். கொழுந்து எடுக்கப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவாள். குளிக்கும்போது கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, அடுப்பண்டை போகக் கூடாது, கிணற்றுப் பக்கம் கூடவே கூடாது. நாள் முழுக்க யாராவது ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என்னோடு பேசத்தான் ஆள் இல்லை. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, எப்போது விழுவேன் என்று பார்த்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நரம்பியல் டொக்டர் சிங்களவர். பொறுமையான மனிதர். மூன்று வகை மாத்திரைகளை மாற்றி மாற்றித் தந்தார். எதற்கும் வலிப்பு அடங்கவில்லை. கடைசியில் ஒரு நாள், என் எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடலுக்குள் படம் எடுப்பது) படங்களை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். “படத்தில் ஒரு குறையும் இல்லை. ஈ.ஈ.ஜி.யில் (தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவது) இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் என்று தெரிகிறது. எந்த இடம் என்று தெரியவில்லை. இடம் தெரிந்தால் வெட்டி எடுக்கலாம். தெரியாமல் வெட்டினால் பேச்சு போகும். அந்தப் பக்கம்தான் பேச்சு இருக்கிறது.”

“இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டேன்.

இந்தியாவில் ஒரு பரிசோதனை இருக்கிறது என்றார். எம்.ஈ.ஜி. என்று எழுதித் தந்தார்.

எப்படிப் போனோம், யார் யார் கைகொடுத்தார்கள் என்பது நீண்ட கதை. என்னோடு வர அக்கா பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் புருஷன் கவ்வாத்து வெட்டுகிறவர் (தேயிலைச் செடியைக் கத்தியால் நறுக்கிவிடுவது கவ்வாத்து). பதுளை ரயிலடியில் ஒரு துண்டுக் கடதாசியைச் சுருட்டி என் கையில் வைத்தார். உள்ளே அவருடைய கவ்வாத்துக் கத்தியின் ஒடிந்த நுனி இருந்தது. சுண்டுவிரல் நகமளவு.

“பிளேன்ல வலிப்பு வந்தா கையில பிடிச்சுக்குங்க” என்றார்.

“பிளேன்ல கத்தி கொண்டுபோனா என்னைப் பிடிச்சுக்குவாங்க” என்றேன். அக்கா சிரித்தாள். அவளே அதை வாங்கிப் பெரிய பெட்டிக்குள் போட்டாள்.

அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போகிறவர்களுக்குப் பயன்படும். எனக்கும் பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு பாடம் நடத்தின மாதிரி இருக்கும்.

மூளையில் மின்சாரம் ஓடுகிறது. மின்சாரம் ஓடுகிற இடத்தில் காந்தப் புலம் உண்டாகும். மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வரும்போது பரவிக் கலங்கிவிடுகிறது. காந்தப் புலத்தை எலும்பு தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அது மிகமிக நலிந்தது. திசைகாட்டியின் முள்ளைத் திருப்புகிறதே பூமியின் காந்தம், அதை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு தேறும். அதை அளக்க மீக்கடத்தி வேண்டும். சில உலோகங்களை மிகக் குளிரவைத்தால் மின்சாரம் அவற்றில் ஒரு தடையுமில்லாமல் ஓடும். அவைதான் மீக்கடத்திகள். அந்த உலோகத்தில் சின்னஞ்சிறு வளையம், வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெட்டு. அணுவளவு காந்தம் வளையத்தைக் கடந்தாலும் மின் அழுத்தம் மாறும். அந்த மாற்றத்தை எழுதிக்கொள்கிறார்கள்.

இப்படி முன்னூறுக்கு மேல் உணரிகளை ஒரு பெரிய தொப்பிக்குள் வைத்திருக்கிறார்கள். தொப்பிக்குள் திரவ ஹீலியம், சுழியத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது பாகை. தலையில் குளிர் படாது, பயப்படாதீர்கள். சத்தமும் இல்லை. எம்.ஆர்.ஐ. மாதிரி அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே ஓடுகிற லிஃப்ட்டும் தெருவில் போகிற பஸ்ஸும்கூட அதற்குப் பெரிய கூச்சல் என்பதால், தடித்த உலோகச் சுவர்களுக்கு நடுவே அறை கட்டி, பெட்டகம் மாதிரி ஒரு கதவால் பூட்டிவிடுகிறார்கள். இரும்புப் பொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

ரேவதி என்ற பெண் அந்தக் கருவியை இயக்குகிறவள். தமிழ்நாட்டுக்காரி. தோடு, வளையல், ஊசி, தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். மேலே போட ஆஸ்பத்திரி அங்கி தந்தாள். கொக்கி இல்லாத பருத்தி உள்பாவாடை என்றால் இருக்கட்டும் என்றாள். “வேற ஒன்னும் இல்லையே மேடம்?” என்று கேட்டாள்.

“இல்லங்க” என்றேன்.

பொய். பாவாடையின் நாடாவுக்குள் கத்தி நுனி இருந்தது. அக்காவுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து நானே தைத்திருந்தேன். அன்று காலைவரை இரும்பு வைத்தியத்தைக் கேலி செய்துகொண்டிருந்தவள் நான். என் தாயத்தைக் கழற்றத் தயங்கிய அக்காவிடம் “இது என்ன படிக்காத கூட்டமா?” என்று அதட்டியவள். ஆனால் மாத்திரையைக் குறைத்திருந்தார்கள். பரிசோதனைக்காக முந்தின இரவு தூங்கவும் விடவில்லை. அந்தக் கதவுக்குள் நான் மட்டும் இருப்பேன். வலிப்பு வந்தால் கையில் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். விஞ்ஞானம் எல்லாம் கதவுவரைதான் வந்தது. அப்புறம் பயம்தான்.

கதவு மூடியது. இரண்டு நிமிடத்தில் ஒலிபெருக்கியில் ரேவதி பேசினாள்.

“மேடம், நீங்க மூச்சு விடுறப்பல்லாம் பெரிய அலை வருது. ஒடம்புல ஏதாச்சும் கம்பி, பிளேட் வச்சிருக்காங்களா?”

“இல்ல.”

கதவைத் திறந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள், தலைமுடியை அவிழ்த்துப் பார்த்தார்கள். மறுபடி மூடினார்கள். மறுபடி அலை. வெளியே இருந்த அக்காவிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவள் பதறிப்போய், “என் தாலி கீலி உள்ள தெரியுதோ என்னவோ, கழட்டித் தர்றேங்க” என்று கழுத்தில் கை வைத்துவிட்டாளாம். அவள் நின்றதோ தடித்த சுவருக்கு வெளியே.

மூன்றாம் முறை ரேவதி அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள். “இடுப்புகிட்டதான் வருது மேடம். என்னன்னு சொன்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சிரும்.”

நாடாவைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். மானம் போயிற்று. அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “எங்க ஊர்லயும் குடுப்பாங்க” என்றாள். ஓர் உறையில் போட்டு என் பெயரை எழுதி அக்காவிடம் கொடுத்தாள். வலிப்பு வந்தால் இரும்பைத் தேடாமல் ஒருக்களித்துப் போட்டு நேரத்தைப் பார்க்கச் சொல்லியும் கொடுத்தாள்.

அதற்குள் எனக்கான நேரம் முடிந்துவிட்டது. படபடப்பில் தூக்கமும் போய்விட்டது. தூங்கினால்தான் மூளையில் கூர் அலைகள் (வலிப்பு வராத வேளையிலும் நோய் இருக்கும் இடத்திலிருந்து கிளம்பும் மின் துடிப்புகள்) நன்றாக வரும். நான்கு நாள் கழித்துத்தான் அடுத்த முறை என்றார்கள். மாத்திரை குறைத்தபடியே இருக்கட்டும் என்றார்கள்.

தங்கியிருந்த அறையில் மூன்றாம் நாள் காலை விழுந்தேன். அதுவரை வந்ததிலேயே பெரிய வலிப்பு. நினைவு வந்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன், தலைக்குக் கீழே அக்காவின் சேலை மடித்து வைத்திருந்தது. வழக்கம்போல என் நிமிடங்களை அவளிடம் கேட்டேன்.

“இரும்ப எடுக்க ஓடுனேன் புள்ள. பைக்குள்ள கைய விட்டுட்டேன். அப்புறம், ஒன்ன கீழ போட்டுட்டு நான் எதுக்கு இங்க நிக்கிறேன்னு திரும்பி வந்துட்டேன். அந்தப் புள்ள சொன்ன மாதிரி ஒருக்களிச்சுப் போட்டு, மணியப் பாத்துக்கிட்டே இருந்தேன். நாலு நிமிசம்.” என் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். “நீ பொய் சொன்னதால வந்ததுடி இது” என்றும் சொன்னாள். சரிதான்.

பொய்க்கு நான் கொடுத்த விலை அந்த நான்கு நிமிடம். உங்களுக்கும் ஏதாவது ஒளித்து வைக்கத் தோன்றும். மோதிரமோ, சாமி கயிறோ, பல்லில் கட்டிய கம்பியைப் பற்றிய உண்மையோ. சொல்லிவிடுங்கள். அந்தக் கருவிக்கு முன்னால் ஒளிக்க முடியாது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கு மெத்தென்று ஏதாவது கொடுங்கள், நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கையிலும் வாயிலும் ஒன்றையும் திணிக்காதீர்கள்.

இரண்டாம் முறை ஒன்றுமே இல்லாமல் உள்ளே போனேன். அவ்வளவு பெரிய அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பூமியின் காந்தம்கூடப் பெரும்பாலும் நுழையாத அறை அது என்பது ஞாபகம் வந்தது. யாரும் என்னைத் தொடவில்லை. யாரும் எதையும் கையில் கொடுக்கவில்லை. அழுகை வந்தது. தலையை அசைக்கக் கூடாது என்பதால் அழாமல் இருந்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

இரண்டு நாள் கழித்து அங்குள்ள டொக்டர் திரையில் காட்டினார். என் எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. புளியங்கொட்டை அளவு. வேறு நிறத்தில் இன்னொரு குவியல், காதில் வார்த்தைகளைக் கேட்கவைத்தபோது பதிந்தது. அதுதான் என் பேச்சு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருந்தது.

“எடுக்கலாம்” என்றார் அவர். “பேச்சு முழுசா போகாது. பெயர்கள் கொஞ்சம் போகலாம். எவ்வளவு போகும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

வெளியே வந்ததும் அக்கா நடைபாதையில் நின்றுவிட்டாள். “வேணாம் புள்ள. ஊருக்குப் போயிருவோம்.”

“ஏன்?”

“வலிப்பு வந்தாலும் எந்திரிச்சு எங்கூடப் பேசுற. பேச்சு போச்சுன்னா நான் யாருகூடப் பேசுறது?”

“எனக்கு என் நேரம் வேணும்க்கா” என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. மறுநாள் காலையில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “எப்ப வரச் சொல்றாங்க?” என்று கேட்டாள்.

மூன்று மாதம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் அக்காவைப் பார்த்தேன். அவள் யார் என்று நன்றாகத் தெரிந்தது. பெயர் வரவில்லை. அவள் குனிந்து, “என்னைத் தெரியுதா?” என்று கேட்டாள். “அக்கா” என்றேன். நல்லவேளை, அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

கரண்டி, குடை, சன்னல் எல்லாம் வாரக்கணக்கில் வராமல் இருந்தன. “அது, குழம்பு மோக்குறது” என்று கையால் காட்டுவேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஆட்களின் பெயர் இன்னும் முழுதாக வரவில்லை. இப்போது எனக்கு மறுபடி எட்டாம் தரம் கொடுத்திருக்கிறார்கள். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதிய தாளை மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இடம் மாறி உட்கார்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள். ஏமாறுகிறேன். மாத்திரை இன்னும் இருக்கிறது. வலிப்பு ஒரு வருடத்துக்கு மேல் இல்லை.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நோய் போனபோது ஆட்களும் போய்விட்டார்கள். அக்கா தன் பிள்ளைகளிடம் திரும்பினாள், திரும்ப வேண்டியதுதானே. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதில்லை. நான் பாடசாலை விடுதியில் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் குரலை நானே கேட்பதில்லை. முன்பு நாளில் ஓட்டைகள் இருந்தன. இப்போது நாள் முழுசாக இருக்கிறது, அதனால் நீளமாகவும் இருக்கிறது. சில நாள் அவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது, குறை சொல்ல வாயில்லை. ஆனாலும் தனிமை தனிமைதான்.

போன மாதம் பண்டாரவளையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிச் செயலமர்வு. பதுளையிலிருந்து தனியாக ரயில் ஏறினேன். தெமோதரை தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து நான் பார்த்தது சன்னலுக்கு வெளியே வெள்ளையாக மூடுபனி. பெட்டியில் பாதிப் பேர் இல்லை.

நாக்கைத் தடவிப் பார்த்தேன், கடிபடவில்லை. சேலையைப் பார்த்தேன், ஈரமில்லை. தோள் கனக்கவில்லை. எதிரே ஒரு முஸ்லிம் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு என்னங்க ஆச்சு?” என்று கேட்டேன்.

“என்ன ஆச்சு? நல்லாத் தூங்கினீங்க. எங்க எறங்கணும்?”

“பண்டாரவளை. கை கால் இழுத்துச்சா?”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “குறட்டைதான் வந்துச்சு” என்றார். “பண்டாரவளை போயி எவ்வளவு நேரம். இது அப்புத்தளை.”

இறங்கினேன். ரயில் போய்விட்டது. அக்காவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்தபோதுதான் உறைத்தது. அக்காவைப் பொறுத்தவரை நான் பண்டாரவளையில் இருக்கிறேன். அதிபரைப் பொறுத்தவரையும் அப்படித்தான். நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எது கூடுதல் என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பிப் போக அடுத்த ரயில் இரண்டு மணி நேரம் கழித்து என்றார் நிலையத்துக்காரர். வெளியே போனால் பஸ் இருக்கும் என்றும் சொன்னார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு மணி நேரமும், ஒரு நிமிடம்கூடக் குறையாமல், எனக்கு ஞாபகம் இருக்கிறது.